டிஃப்யூஷன்: பரவலா, விரவலா, நீர்நகர்வா? (மைலோமா எம்.ஆர்.ஐ. கலைச்சொற்கள்)

குழுமத்தாருக்கு வணக்கம்.

எலும்பு மச்சையின் (மஜ்ஜையின்) பிளாஸ்மா செல்களில் தோன்றும் புற்றான மைலோமா நோயாளிகளுக்கான கையேட்டின் தமிழ் வரைவைப் படித்தேன். பெரும்பகுதி நன்றாக வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் புரிந்துகொள்வது பற்றிய பக்கத்தில் மாதிரியாகக் கொடுத்துள்ள வரிகள்தான் இடறுகின்றன:

> முள்ளெலும்புகளின் மச்சையில் பரவலான ஊடுருவல். பரவல் எடையிட்ட படிமத்தில் தடைப்பட்ட பரவல். எலும்புக்கு வெளியே பரவல் இல்லை.

மூன்று வாக்கியங்களில் நான்கு 'பரவல்'. முதலாவது டிஃப்யூஸ், ஓரிடத்தில் நில்லாமல் எங்கும் விரிந்திருப்பது. நடுவில் உள்ள இரண்டும் டிஃப்யூஷன், திசுவுக்குள் நீர்மூலக்கூறுகளின் நகர்வு. கடைசியது நோய் வேறிடத்துக்குப் போவது. படிப்பவருக்கு நான்கும் ஒன்றுதான்: புற்று பரவிவிட்டது. 'தடைப்பட்ட பரவல்' என்பதைப் பார்த்து, பரவாமல் தடுத்துவிட்டார்கள் போலும் என்று நிம்மதி அடையவும் இடமிருக்கிறது. அது இன்னும் மோசம்.

நோய் பரவுவதைக் குறிக்கும் சொல்லாகப் பரவல் மக்களிடம் நிலைத்துவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடுவோம். மற்ற இரண்டுக்கும்தான் புதுச்சொல் வேண்டும்.

முதலில் டிஃப்யூஸ். எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பரிப்பு தெரிய வேண்டுமானால் அந்த இடத்தின் கனிமத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் கரைந்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அதற்கு வெகுமுன்பே மச்சையைக் காட்டிவிடுகிறது, ஏனென்றால் அது பார்ப்பது கனிமத்தை அல்ல, நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. வளர்ந்தவர்களின் மச்சையில் கொழுப்பு மிகுதி. எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகையான டி1 படிமத்தில் கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். ஆகவே நலமான முள்ளெலும்பு, தன்னை ஒட்டியுள்ள இடைத்தட்டைவிட வெளுத்திருக்கும். பிளாஸ்மா செல்கள் கொழுப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் எலும்பு கறுக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கறுத்தால் கண்ணுக்குச் சட்டென்று படும். முதுகெலும்பு முழுவதும் சீராகக் கறுத்திருந்தால் ஒப்பிட வெளுத்த இடமே இராது. அனுபவம் குறைந்த கண் இயல்பானது என்று தாண்டிப் போய்விடும். அப்போது இடைத்தட்டுதான் அளவுகோல். தட்டைவிட எலும்பு கறுப்பாக இருந்தால் ஐயப்பட வேண்டும்.

ஆக, டிஃப்யூஸ் என்பதன் உயிர் 'எல்லை இல்லாமை'யில் இருக்கிறது. அதற்குப் 'படர்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். படர் ஊடுருவல், படர் வகை. நோயைப் பற்றிப் பேசும்போது படர்தல் என்பது தமிழ் காதுக்குப் புதிதல்ல, படர்தாமரை இருக்கிறதே. ஓர் எச்சரிக்கை: வெள்ளையணுக்களைப் பெருக்கும் ஊசி போட்டாலும், கடும் இரத்தசோகை இருந்தாலும் சிவப்பு மச்சை பெருகி இதே கறுப்பு தெரியலாம். எனவே படத்தை மட்டும் விவரிக்கும் இடத்தில் 'படர் தோற்றம்' என்று நிறுத்திக்கொள்வது நல்லது. 'ஊடுருவல்' என்பது தீர்ப்பு.

இதன் எதிர்ச்சொல்லான ஃபோகல் லீஷன் (ஓரிடத்தில் மட்டும் தெரிவது) வரைவில் 'குவியச் சிதைவு' என்று இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. இங்கே எதுவும் குவியவில்லை; வில்லையின் குவியத்தை இழுத்து வந்து மச்சையில் நட்டிருக்கிறோம். சிதைவும் சரியில்லை, எலும்பு சிதையும் முன்பே இவை தெரிகின்றன. 'திட்டு' என்றே சொல்லலாம். பன்னாட்டு மைலோமா செயற்குழு 2014-இல் வெளியிட்ட வரையறையின்படி, 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள திட்டு எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுக்கு மேல் இருந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் அது சிகிச்சை வேண்டிய மைலோமா. அதாவது எண்ண வேண்டிய பொருள் இது. 'இரண்டு திட்டுகள்' என்று எண்ணலாம். 'இரண்டு குவியச் சிதைவுகள்' என்று எந்த மருத்துவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். படரும் திட்டும் சேர்ந்தால் கலப்பு வகை. உப்பும் மிளகும் கலந்தாற்போல் என்று ஆங்கிலத்தில் சொல்லும் வகைக்குத் 'தூவல் தோற்றம்' போதும். அது பெரும்பாலும் நோய்ச்சுமை குறைந்தவர்களிடம் காணப்படுவது.

இனி டிஃப்யூஷன். குழுமத்தில் பலர் 'விரவல்' என்கிறார்கள். இயற்பியலுக்கு அது நல்ல சொல். ஆனால் பரவல், விரவல் இரண்டும் ஒரே அறிக்கையில் வந்தால் தட்டச்சில் ஒன்று மற்றொன்றாகும், தொலைபேசியில் வேறுபாடே கேட்காது. மேலும் விரவுதல் என்றால் கலத்தல். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயரை விரவுப்பெயர் என்று இலக்கணம் சொல்வது அதனால்தான். இங்கே எதுவும் எதனோடும் கலக்கவில்லை. திசுவில் ஏற்கெனவே இருக்கும் நீர்மூலக்கூறு, குறித்த நேரத்துக்குள் தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறோம். எனவே என் பரிந்துரை 'நீர்நகர்வுப் படிமம்'. 'எடையிட்ட' வேண்டாம், யாரும் தராசு பிடிக்கவில்லை. நீர் எவ்வளவு நகர்கிறது என்பதைக் காட்டும் ஏ.டி.சி. என்ற அளவுக்கு 'நகர்வெண்', அதிர்வெண் போல. துறை நூலில் 'தோற்ற நகர்வெண்' என்று முழுமையாக எழுதிக்கொள்ளலாம்.

மாதிரி வரிகள் இப்படி ஆகும்:

> முள்ளெலும்புகளின் மச்சையில் படர் ஊடுருவல். நீர்நகர்வுப் படிமத்தில் ஒளிர்வு, நகர்வெண் 900. எலும்புக்கு வெளியே பரவல் இல்லை.

* * *

மறுமொழி:

ஐயா, வணக்கம். திட்டு, படர் இரண்டையும் ஏற்கிறேன். நீர்நகர்வில் எனக்கு இரண்டு தடைகள். இலங்கையில் நாங்கள் பள்ளியிலிருந்தே டிஃப்யூஷனைப் பரவல் என்றுதான் படித்தோம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் துறைக்கொரு தமிழ்ச்சொல் என்று போனால் எங்கே போய் முடியும்? இரண்டாவது, 'தடைப்பட்ட' என்பதை ஏன் கைவிட்டீர்கள்? புற்றில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் நீர் நகர முடியாது என்பதுதானே இந்தப் பரிசோதனையின் அடிப்படையே?

* * *

மறுமொழிக்கு என் பதில்:

ஐயா, முதல் கேள்விக்கு விடை நம் பாடநூல்களிலேயே இருக்கிறது. ரெசொனன்ஸ் என்பது தமிழ்நாட்டில் இயற்பியலில் ஒத்ததிர்வு, வேதியியலில் உடனிசைவு. இலங்கையில் பரிவு. இதனால் யாரும் குழம்பிப் போகவில்லை. உயிரியல் நூலில் பரவல் அப்படியே இருக்கட்டும், நான் கேட்பது புற்றுநோய் அறிக்கைக்கு மட்டும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். 'தடைப்பட்ட' என்பது மூளைப் படிமத்திலிருந்து வந்த வழக்கு. அங்கே சரியாகப் பொருந்துகிறது. மச்சையில் கதை தலைகீழ். உடல் வெப்பத்தில் கட்டற்ற நீரின் நகர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 3000 சதுர மைக்ரோமீட்டர். உயிருள்ள மைலோமாத் திசுவில் ஏறத்தாழ 700 முதல் 1400 வரை. நலமான கொழுப்பு மச்சையில் அதற்கும் கீழே! கொழுப்பில் நகர்வதற்கு நீரே இல்லை. நலமான இடம் புற்றைவிடக் 'கூடுதலாகத் தடைப்பட்டது' என்று எழுதினால் நகைக்க மாட்டார்களா?

சிகிச்சை பலித்தால் செல்கள் மடிந்து இடம் விரிகிறது, நகர்வெண் ஏறுகிறது. மைலோமாவில் முழுவுடல் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கும் அறிக்கை எழுதுவதற்கும் 2019-இல் வெளியான மை-ராட்ஸ் வழிகாட்டுதல், திட்டின் நகர்வெண் 1400-ஐத் தாண்டுவதையோ, தொடக்க அளவிலிருந்து 40 விழுக்காடு கூடுவதையோ நல்ல பலனுக்கான அடையாளங்களுள் வைக்கிறது. பிறகு கொழுப்பு திரும்பி வந்தால் அதே எண் இறங்கிவிடும். ஏறினாலும் நல்லது, இறங்கினாலும் நல்லதாக இருக்கலாம். இப்படிப்பட்ட அளவுக்குப் பெயரிலேயே தடை என்ற தீர்ப்பை ஏற்றக் கூடாது. 'நகர்வெண் இவ்வளவு' என்று எழுதிவிட்டு, பொருளை மருத்துவர் விளக்கட்டும்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. சிகிச்சைக்குப் பின் சில திட்டுகள் நீர்நகர்வுப் படிமத்தில் தொடர்ந்து ஒளிரும். நகர்வெண்ணைப் பார்த்தால் உயர்ந்திருக்கும். டி2 (திசுவின் எம்.ஆர்.ஐ. சைகை தணிய எடுக்கும் நேரம்) நீண்டிருப்பதால் வரும் ஒளி அது, புற்று எஞ்சியதால் வருவதன்று. டி2 ஷைன் த்ரூ என்கிறார்கள். 'டி2 பொய்யொளிர்வு' என்று வைத்திருக்கிறேன். 'பொய்' கடுமையாக இருக்கிறது என்பவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள். வரைவில் இந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டிருக்கிறார்கள்.