ஆட்டோமேட்டிக்கில் கையால் கியரைக் குறைத்தால் கியர்பாக்ஸ் போய்விடுமா? மலை இறக்க அனுபவங்கள்

ஏற்காடு20:
ஆட்டோமேட்டிக் வண்டியில் மலை இறங்கும்போது கையால் கியரைக் குறைக்கலாமா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "'டி'யிலேயே (டிரைவ்) விடுங்க, கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்கிறது ஒரு கட்சி. "'எம்'மில் (மேனுவல்) போட்டு 2-க்கு இழுத்தா பாக்ஸ் காலி" என்கிறது இன்னொரு கட்சி. ஏற்காட்டில் 20, கல்லட்டியில் 36, கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு வைத்திருக்கிற நமக்கு இதில் தெளிவு வேண்டும். பாக்ஸைப் பிரித்துப் பார்த்தவர்களும் மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களும் எழுதுங்கள். எந்த வகை பாக்ஸ், எந்தப் பாகம், ஏன் போகிறது என்று சொன்னால் போதும். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வண்டி" கதை வேண்டாம்.

வால்வ்பாடி:
டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும் பாகம்) உள்ள பாக்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏஎம்டி (தானாக இயங்கும் மேனுவல் பாக்ஸ்), டிசிடி (இரட்டைக் கிளட்ச்), சிவிடி (பெல்ட் வகை) எல்லாம் வேறு ஜாதி, அதை மற்றவர்கள் எழுதட்டும்.

உள்ளே இருப்பது பிளானட்டரி கியர் செட் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள்). பற்கள் எப்போதும் கோத்தபடியேதான் இருக்கும். கியர் மாறுகிறது என்றால் ஒரு கிளட்ச் பேக் (கிளட்ச் தட்டுகளின் அடுக்கு) விடுகிறது, இன்னொன்று பிடிக்கிறது, அவ்வளவுதான். மேனுவல் வண்டியில் போல பல் உரசிக் "கர்ர்" என்பதற்கு இங்கே இடமே இல்லை. பேடிலை (ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் தகடு) இழுத்தால் டிசிஎம்மிடம் (பாக்ஸின் கம்ப்யூட்டர்) ஒரு விண்ணப்பம் போகும். அது கணக்குப் போட்டுப் பார்த்து, சரிப்படும் என்றால் மாற்றும், இல்லை என்றால் மறுத்துவிடும்.

அந்தக் கணக்கை நாமும் போடலாம். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் வரும் அய்சின் 09ஜி 6-ஸ்பீடு பாக்ஸின் விகிதங்கள்: முதல் கியர் 4.148, இரண்டு 2.370, மூன்று 1.556, நான்கு 1.155, ஐந்து 0.859, ஆறு 0.686. நாலாவது கியரில் என்ஜின் 2500 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்று வையுங்கள். மூன்றுக்கு இறக்கினால் சுமார் 3370. நேராக இரண்டுக்கு என்றால் 5130. பெட்ரோல் என்ஜினுக்கு ரெட்லைன் (சுற்றக்கூடிய உச்ச எல்லை) 6000-க்கு மேல் இருப்பதால் இதுவும் எல்லைக்குள்தான். முதல் கியர் கேட்டால் 8980 வரும். அதைப் பாக்ஸ் தரவே தராது. டிஸ்ப்ளேயில் எண் மாறாது, சில வண்டிகளில் 'பீப்' வரும்.

தேய்மானம் எங்கே என்றால், புதிதாகப் பிடிக்கிற கிளட்ச் வழுக்கிக்கொண்டே என்ஜினை அந்த அதிக வேகத்துக்கு இழுத்துக் கொண்டுவரும் அந்தக் கண நேரத்தில்தான். அப்போது பிறக்கிற சூடு ஆர்பிஎம் வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மேலே உள்ள உதாரணத்தில் 4-லிருந்து 3-க்கு வித்தியாசம் 870, 4-லிருந்து 2-க்கு 2630. மூன்று மடங்கு வித்தியாசம், அதனால் ஒன்பது மடங்கு சூடு. 4, 3, 2 என்று படிப்படியாக வந்தால் மொத்தச் சூடு ஒரே தாவலில் வருவதைவிடப் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான், அதுவும் ஒரே கிளட்ச் மேல் விழாது. இப்போது வரும் வண்டிகள் பல, கியர் குறைக்கும்போது தாங்களாகவே என்ஜினைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கும். அப்போது கிளட்சுக்கு வேலை இன்னும் குறைவு.

கருகிப் போய் வருகிற பாக்ஸைப் பிரித்தால் பெரும்பாலும் கதை ஒன்றுதான்: எண்ணெய் பழையது அல்லது குறைவு, அழுத்தம் போதவில்லை, கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கியே எரிந்திருக்கும். பேடிலை இழுத்ததால் மட்டும் நல்ல நிலையில் இருந்த பாக்ஸ் எரிந்தது என்று சொல்ல ஒரு கிளட்ச் தட்டும் சாட்சி சொல்லாது.

மலைரோடு:
வால்வ்பாடி அண்ணன் சொன்னதோடு ஓட்டுகிற பக்கத்தைச் சேர்க்கிறேன்.

டியில் விட்டால் என்ன ஆகும்? ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் "லோடு இல்லை" என்று நினைத்துப் பல பாக்ஸ்கள் மேல் கியருக்குப் போய்விடும். வண்டி ஓடியே போகும், கால் பிரேக்கிலேயே இருக்கும். புது வண்டிகள் சிலது இறக்கத்தைக் கண்டுபிடித்துத் தானே கியரைக் குறைக்கும். ஆனால் நம் மலை ரோட்டு வளைவுக்கு அது எப்போதும் போதாது.

டியில் இருந்தபடியே பேடிலைத் தட்டினால் அது தற்காலிகம்தான். கொஞ்ச நேரத்தில் தானே டிக்குத் திரும்பிவிடும். வளைவு நடுவே அப்படித் திரும்பினால் வண்டி சட்டென்று இலகுவாகி முன்னே பாயும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே லீவரை 'எம்' அல்லது 'எஸ்' நிலைக்குத் தள்ளிவிடுங்கள்.

டொயோட்டா ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். பல மாடல்களில் எஸ் பக்கம் 'எஸ்4' என்று காட்டினால் நாலாவது கியரில் நிற்கிறது என்று பொருளில்லை, நாலுக்கு மேலே போகாது என்று மட்டும்தான். வேகம் குறைந்தால் 3, 2 என்று அதுவே இறங்கிக்கொள்ளும். "எஸ்4 போட்டேன், வண்டி பிடிக்கவே இல்ல" என்கிறவர்கள் எஸ்3, எஸ்2 வரை வரணும்.

எந்த கியர் என்று எப்படித் தெரியும்? பிரேக்கைத் தொடாமல் நேர்ச் சாலையில் விட்டால் வேகம் ஏறாமலோ மெதுவாக மட்டும் ஏறினாலோ அதுதான் சரியான கியர். பெட்ரோலில் 3000 முதல் 4500 வரை சுற்றும். சத்தம் போடும், போடட்டும். கால் எடுத்திருக்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், அதனால் அந்த 4000-க்கு மைலேஜ் கணக்கில் செலவு கிடையாது. நியூட்ரலில் உருட்டுகிறவர்தான் ஐடிலுக்கு எரிபொருள் கொடுத்துக்கொண்டு போகிறார்!

என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் இந்தப் பிடி (என்ஜின் பிரேக்) டீசலில் கொஞ்சம் குறைவு. பெட்ரோல் என்ஜினில் த்ராட்டில் மூடி வெற்றிடம் உண்டாவதால் இழுத்துப் பிடிக்கும், டீசலில் அது அந்த அளவு இல்லை. அங்கே இன்னும் ஒரு கியர் கீழே போக வேண்டிவரும்.

மழை, பனிமூட்டம் இருக்கும் நாளில் வளைவுக்குள் திரும்பிக்கொண்டே கியர் குறைக்காதீர்கள். முன்சக்கர இழுவை வண்டியில் திடீரென்று பிடிக்கும் என்ஜின் பிரேக் அந்த இரண்டு சக்கரத்தின் பிடிமானத்தைப் பறித்துவிடும், ஸ்டீயரிங் கேட்காது. வளைவுக்கு முன் நேர்க்கோட்டில் பிரேக், கியர் இரண்டையும் முடித்துவிட்டு அப்புறம் திரும்புங்கள்.

டிஸ்க்சூடு:
பாக்ஸைக் காப்பாற்றுகிறேன் என்று பிரேக்கை மட்டும் மிதிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1600 கிலோ வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி சுமார் 15.7 மெகாஜூல். 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. காற்றும் டயரும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மிச்சம் என்ஜினுக்குப் போகணும், இல்லையென்றால் நாலு டிஸ்க்குக்கும் பேடுக்கும் போகணும்.

டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4-க்கு 230, 155. இரண்டு மூன்று வருடம் மாற்றாத ஆயில் அந்த இரண்டாவது எண்ணை நோக்கி வந்துகொண்டிருக்கும். காலிபரில் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) அது கொதித்தால் ஆவிக் குமிழி வரும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. கிளட்ச் பேக் கொஞ்சம் தேயும் என்ற பயத்தில் இந்த அபாயத்தை வாங்குவது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஒற்றைக்கிளட்ச்:
ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு. 2014-ல் செலேரியோவோடு நம் நாட்டுக்கு வந்த இந்த வகை, உள்ளே சாதாரண மேனுவல் பாக்ஸ், ஒரு உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காதது), அவற்றை நம் கை காலுக்குப் பதிலாக இயக்க ஒரு ஆக்சுவேட்டர். கியர் குறைக்கும்போது கிளட்ச் திறந்து, கியர் மாறி, மறுபடி மூடும். கிளட்ச் தேய்வது அந்த மூடும் நேரத்தில்தான். இறக்கத்தில் எம்2-வில் போட்டுவிட்டு அப்படியே வந்தால் கிளட்ச் முழுதாக மூடியே இருக்கும், தேய்மானம் எதுவும் இல்லை. வளைவுக்கு வளைவு 3, 2, 3, 2 என்று விளையாடினால்தான் தேயும். அதுவும் ஏற்றத்தில் நடப்பதைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஹேண்ட்பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார்களே, ஏஎம்டி கிளட்சைக் கொல்வது அதுதான். காய்ந்த நாற்றம் வந்தால் ஓரம் கட்டி 15, 20 நிமிடம் ஆறவிடுங்கள். கிளட்ச் செட் மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கற்றுக்கொடுக்கணும். அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் கியருக்கு கியர் உதறும்.

இன்னொன்று: நடை வேகத்துக்கும் கீழே போனால் என்ஜின் ஆஃப் ஆகாமல் இருக்க ஏஎம்டி கிளட்சைத் திறந்துவிடும். அந்த நொடி என்ஜின் பிரேக் போய்விடும். இறக்கத்தில் ஊர்ந்து போகும்போது பிரேக் பெடலில் கால் தயாராக இருக்கட்டும்.

ஈரக்கிளட்ச்:
டிசிடியில் இரண்டு கிளட்ச், ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. அடுத்த கியரை முன்கூட்டியே கோத்து வைத்திருக்கும். 4-லிருந்து 3 என்றால் கை மாறும் வேலை மட்டும். 6-லிருந்து 4 ஒரே தண்டு என்பதால் இடையில் 5-ஐத் தொட்டுப் போகும், அதனால் ஒரு தயக்கம் தெரியும். அது பழுது இல்லை. உலர் கிளட்ச் டிசிடிக்கும் ஏஎம்டிக்குச் சொன்ன அதே எச்சரிக்கை: ஆபத்து ஏற்றத்து நெரிசலில். சூடு எச்சரிக்கை வந்தால் முன் வண்டிக்கு இடைவெளி விட்டு, நின்று, பிறகு ஒரே மூச்சாக நகருங்கள். அங்குலம் அங்குலமாக ஊர வேண்டாம்.

சிவிடியில் நீங்கள் பார்க்கிற '7 கியர்' மென்பொருள் காட்டும் வேஷம். உள்ளே இரண்டு புல்லி, ஒரு உலோக பெல்ட். கியர் குறைப்பது என்றால் புல்லி அகலம் மாறுவது மட்டும். பெல்ட்டுக்குப் பயம் திடீர் அதிர்ச்சியில்தான், உதாரணமாக ஜல்லியில் சக்கரம் சும்மா சுற்றிவிட்டு சட்டென்று தார் ரோட்டைப் பிடிக்கும்போது. ஆயில் விஷயத்தில் சமரசமே கூடாது: ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிஸானுக்கு என்எஸ்-3. சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.

பழையவண்டி:
எல்லாரும் புது வண்டி பற்றியே பேசுகிறீர்கள். டிக்குக் கீழே '2', 'எல்' என்று இருக்கும் பழைய 4-ஸ்பீடு பாக்ஸ்களுக்குத் தனிக் கணக்கு. அவற்றில் பலவற்றில் டியின் முதல் கியர் ஒருவழி கிளட்ச் வழியாக ஓடும். வண்டி என்ஜினைத் தள்ளினால் அது சைக்கிள் ஃப்ரீவீல் போல விட்டுவிடும், என்ஜின் பிரேக் கிடையாது. 'எல்'லில் போட்டால் கூடுதலாக ஒரு பேண்டோ கிளட்ச்சோ பிடித்து அந்த வழியை அடைக்கும். மின்னணு இல்லாத முழு ஹைட்ராலிக் பாக்ஸில், வேகம் அதிகமாக இருக்கும்போது லீவரை இழுத்தால் தடுக்கிற அமைப்பு மாடலுக்கு மாடல் வேறுபடும். அதனால் அங்கே மட்டும் பழைய பயத்துக்கு அர்த்தம் உண்டு. முதலில் ஓவர்டிரைவ் பொத்தானை ஆஃப் செய்யுங்கள், பிரேக் பிடித்து வேகம் 50-க்குக் கீழே வந்த பிறகு '2' போடுங்கள்; 'எல்' என்றால் 20, 25-க்குக் கீழே. வண்டிக் கையேட்டில் ஒவ்வொரு நிலைக்கும் உச்ச வேகம் போட்டிருந்தால் அதுதான் இறுதி.

பழைய பெட்ரோல் என்ஜினில் நீண்ட இறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது நீலப்புகை வந்தால், வால்வ் சீல் வழியாக வெற்றிடம் ஆயிலை உறிஞ்சியிருக்கிறது. அது சீலின் வயது. கியர் குறைத்ததைத் திட்ட வேண்டாம். மலைக்குப் போகும் முன் என்ஜின் ஆயில் அளவைப் பார்த்துவிடுங்கள்.

ஏற்காடு20:
அப்போ "லைஃப்டைம் ஆயில், மாற்ற வேண்டாம்" என்று ஷோரூமில் சொல்கிறார்களே, மலைக்கு அடிக்கடி போகிற வண்டிக்கும் அதுதானா?

வால்வ்பாடி:
யாருடைய லைஃப் என்று அவர்களிடமே கேளுங்கள். ஏடிஎஃப் 80, 90 டிகிரியில் சுகமாக இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் நெடுநாள் புழங்கும் கணக்கு. அடிக்கடி மலை ஏறுகிற வண்டிக்கு 60,000 கிலோமீட்டரில் மாற்றுவதுதான் என் கட்சி. எண்ணெய் வடிக்கும் போல்ட்டைத் திறந்தால் பாதிதான் வரும், மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதனால் இரண்டு தடவையாக மாற்றினால் நல்லது. 09ஜி மாதிரி டிப்ஸ்டிக் (அளவுக் குச்சி) இல்லாத பாக்ஸில் அளவை என்ஜின் ஓடும்போது, எண்ணெய் 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கையில், வழிந்தோடும் குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்யணும். ஸ்கேனரில் வெப்பத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றினால் குறைவாகிவிடும், அப்போதுதான் 3-லிருந்து 2-க்கு இறங்கும்போது 'டொக்' என்று இடிக்கும். அந்த இடிக்கு என்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்ததும் காரணமாகலாம், அதை முதலில் பாருங்கள். மலிவு வேலை.

மலைரோடு:
பாக்ஸை நிஜமாகவே உடைக்கிற விஷயங்களையும் போட்டுவிடுகிறேன். வண்டி முன்னே உருளும்போதே 'ஆர்' (ரிவர்ஸ்) போடுவது. முழுதாக நிற்கும் முன் 'பி'க்கு (பார்க்கிங்) தள்ளுவது. சரிவில் நிறுத்தும்போது பிரேக்கில் கால் வைத்தபடியே நியூட்ரல், ஹேண்ட்பிரேக், காலை லேசாக விட்டு வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்த பிறகுதான் பி. வரிசையை மாற்றினால் மொத்த எடையும் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கொக்கி மேல் நிற்கும். கிளம்பும்போது 'டக்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தம் அதுதான்.

டிஸ்க்சூடு:
மலையில் வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது பாக்ஸின் ஆயில் பம்ப் சுற்றாது, உள்ளே எண்ணெயே போகாமல் சக்கரம் தண்டுகளைச் சுழற்றும். ஃப்ளாட்பெட் வரட்டும். அது கிடைக்கவில்லை என்றால் இழுவைச் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கித்தான் இழுக்கணும், நாலு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் அதுவும் கூடாது.