இ-டெண்டரில் விலைப்பட்டியல் ஏறவில்லை, உதவி தேவை

ஈரோடு பக்கம் சிறிய எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் நிறுவனம் நடத்துகிறேன். ஒரு பேரூராட்சியின் தெருவிளக்கு வேலைக்கு இ-டெண்டர் போடுகிறேன். இரண்டு கவர் முறை, அதாவது தகுதி ஆவணங்கள் ஒரு கவரில், விலை இன்னொன்றில். வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு முடிகிறது.

டிஜிட்டல் கையொப்பம் உள்ள யுஎஸ்பி டோக்கன் போட்டு லாகின் ஆகிறது. தொழில்நுட்பக் கவரில் உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று, ஜிஎஸ்டி, உரிமம் எல்லா பிடிஎஃப்-பும் கையெழுத்தாகி ஏறிவிட்டன. அதனால் டிஜிட்டல் கையொப்பத்தில் கோளாறு இருக்காது என்று நினைக்கிறேன். விலைக் கவரில் பிஓகியூ (வேலை அளவும் விலையும் உள்ள பட்டியல்) எக்ஸெல் ஃபைலை ஏற்றும்போது மட்டும், மூல டெம்ப்ளேட்டோடு பொருந்தவில்லை என்று நிராகரிக்கிறது.

விண்டோஸ் 11, எக்ஸெல் 2019, கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ். ஃபைல் பெயரை மாற்றவில்லை. ப்ராபர்டீஸில் அன்பிளாக் செய்து, மேக்ரோவை இயக்கித்தான் திறந்தேன். நிரப்பச் சொன்ன கட்டங்களில் மட்டும் விலையைக் கையால் தட்டச்சு செய்தேன், காப்பி பேஸ்ட் இல்லை. ஷீட்டில் உள்ள வேலிடேட் பட்டனை அழுத்தினால் எல்லாம் சரி என்றே வருகிறது! நடுவில் திருத்த அறிவிப்பு ஒன்று வந்தது. அதற்குப் பிறகு புதிதாக இறக்கிய ஃபைல்தான் இது. நண்பரின் கணினியிலும் அதே பதில். உதவி மையத்தில் பிரவுசர் கேஷை அழிக்கச் சொன்னார்கள், அழித்தும் பார்த்தாச்சு.

எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்கு இந்த வேலை கிடைத்தால் பல மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியும். விலையிலோ தகுதியிலோ தோற்றால் பரவாயில்லை, ஒரு ஃபைல் ஏறாமல் வெளியே நிற்கக் கூடாது.

வேலிடேட் ஆன பிஓகியூ-வை ஏற்றும்போது மட்டும் தளம் மறுப்பதற்கு என்ன காரணம், இதை யாராவது சரி செய்திருக்கிறீர்களா?