வெளிநாட்டு ஷோ, ஷூட்டிங் என்று விசா எடுக்கப் போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வியாசர்பாடி டேப்:
போன வருடம் அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்கம் எங்கள் கானா குழுவைக் கூப்பிட்டது. 5 பேர். மண்ணின் கலையைக் காட்டப் போகிறவர்களுக்கான பி-3 விசா பெட்டிஷன் அப்ரூவல் வந்து, டிஎஸ்-160 என்கிற விசா விண்ணப்பம் எல்லாம் ஏரியா தம்பி ஒருவன் போட்டுக் கொடுத்தான், அதை விடுங்கள். கைரேகை எடுத்த இடம்தான் இன்னும் மனசை அறுக்கிறது. இடது கை நாலு விரல் உடனே விழுந்தது, வலது கை விழவே இல்லை. 22 வருடமாக டேப் என்கிற தோல் வாத்தியம் அடிக்கிற கை, நுனியெல்லாம் காய்ச்சு வழவழவென்று இருக்கும். ஈரத் துணியில் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தேன். நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கோடு வைக்கச் சொன்னார்கள், அதையும் செய்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பொண்ணு நல்லவிதமாகத்தான் கேட்டது, "என்ன வேலைண்ணா, கொத்து வேலையா?" என்று. "வாசிக்கிறேன்மா" என்றேன், எனக்கே கேட்காத மாதிரி. ஏழாவது தடவை விழுந்தது. விசாவும் கிடைத்தது, போய் வாசித்தும் வந்தோம். எங்கள் பக்கம் ஒரு சாவு வீட்டில் நான் கையை எடுத்தால் யார் வாசிக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். அங்கே ஏன் சத்தமாகச் சொல்லவில்லை?

புளியந்தோப்பு டான்ஸர்:
அண்ணா, உங்களுக்காவது ஒழுங்கான பேப்பர் இருந்தது. எங்களைக் கூட்டிப்போன கோ-ஆர்டினேட்டர் "பி-3 எல்லாம் லேட் ஆகும், டூரிஸ்ட்டில் போட்டுக்கலாம், அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லு" என்றார். சம்பளம் பேசிய ஷோ. நானும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஜன்னலில் ஆபீசர் தமிழிலேயே கேட்டார், "அண்ணன் பசங்க பேர் என்ன?" அவ்வளவுதான், வாய் ஒட்டிக்கொண்டது. 214(பி) பிரிவில் விசா மறுப்பு என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கட்டிய 185 டாலர் போனது, அது அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். கோ-ஆர்டினேட்டர் அப்புறம் போனே எடுக்கவில்லை.

கொருக்குப்பேட்டை எடிட்டர்:
தம்பி, அவரை மட்டும் குறை சொல்லாதே, பொய்யைச் சொன்னது உன் வாய். காசு வாங்கிக்கொண்டு ஆடுகிற ஷோவுக்கு டூரிஸ்ட் விசா செல்லாது. அடுத்த தடவை டிஎஸ்-160ல் 'முன்பு விசா மறுக்கப்பட்டதா' என்று கேட்பார்கள், மறைக்காமல் ஆமாம் என்று போடு. மறைத்தால் அதுதான் பெரிய வினை.
நான் கலை, சினிமாவில் தனித்திறமை உள்ளவர்களுக்கான ஓ-1பி விசாவில் போனேன். எங்கள் வக்கீல் கேட்டதில் கஷ்டமானது ஆதாரம்தான், என் பெயர் வந்த பேப்பர் கட்டிங் எல்லாம் தமிழ். ஒவ்வொன்றையும் முழுசாக இங்கிலீஷில் பெயர்த்து, பெயர்த்தவர் கையெழுத்து போட்ட சான்றோடு வைக்கணும். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. இன்னொன்று, ஓ-1, பி-3 எதையும் நாமே போட முடியாது, அங்கே இருக்கிற நிறுவனமோ ஏஜென்ட்டோ ஐ-129 என்கிற பெட்டிஷனைப் போடணும், கூடவே அந்தத் தொழில் சார்ந்த அமெரிக்க யூனியனின் கருத்துக் கடிதமும் வேண்டும். கானாவுக்கு பி-3 சரியான வழி. விஷயம் தெரிந்தவர்கள் 'இது இந்த மண்ணின் கலை, இவர்கள் அதில் தேர்ந்தவர்கள்' என்று எழுதித் தருகிற கடிதத்துக்குத்தான் அதில் மதிப்பு. அதனால் சின்ன ஷோவானாலும் நோட்டீஸ், பேனர் போட்டோ, ஒப்பந்தத் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சாவு வீட்டுக் கச்சேரிக்கு யாரும் ஒப்பந்தம் எழுதுவதில்லை, தெரியும், வீடியோவாவது தேதியோடு வையுங்கள். டேப் அண்ணா, ரேகைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து ராத்திரி கையில் கிளிசரின் தடவுங்கள், சரியாகிவிடும்.

வியாசர்பாடி டேப்:
தம்பி, நல்லதுக்குத்தான் சொல்கிறாய். ஆனால் நான் ரேகை விழாததைப் பற்றி எழுதவில்லை. அப்புறம், கிளிசரின் தடவினால் தோலில் கை வழுக்கும்.