ஸ்விஃப்ட் கோடில் 8 எழுத்து, படிவத்தில் 11 கட்டம்

கோத்தகிரிக்காரன்:
மகள் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறாள். பச்சைத் தேயிலைப் பணம் கைக்கு வந்ததும் அவள் செலவுக்கு அனுப்புவேன். எங்கள் ஊர்க் கிளையில் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை, குன்னூர் பஸ் ஏற வேண்டும். போன தடவை நான் எழுதிக் கொடுத்த ஸ்விஃப்ட் கோடில், அதாவது அவள் வங்கியைக் குறிக்கும் எழுத்துகளில், ஏதோ தப்பு. 12 நாள் கழித்துப் பணம் திரும்பி வந்தது. கமிஷன் போச்சு, யூரோ வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவிலும் கொஞ்சம் போச்சு. அவள் வாடகைக்குத் தோழியிடம் கடன் வாங்கினாள்.

வங்கி அதேதான். கோடை மறுபடி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன்: 'பிக்' என்று போட்டு 8 எழுத்து. படிவத்தில் 11 கட்டம். மீதி மூன்றில் என்ன எழுதுவது? நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குள் சொன்னால் புண்ணியம்.

ஊட்டி கேரட்:
மூன்று எக்ஸ் போடுங்கள் அண்ணா, தலைமையகம் என்று அர்த்தம். சும்மா விட்டாலும் தப்பில்லை. பிக், ஸ்விஃப்ட் இரண்டும் ஒன்றுதான்.

பழைய கவுண்டர்:
அது சரி. ஆனால் உங்கள் சிக்கல் கடைசி மூன்றில் இல்லை. முதல் 4 வங்கி, அடுத்த 2 நாடு, அதற்கடுத்த 2 ஊர். ஜெர்மனி என்றால் 5, 6-வது எழுத்து டி, இ. மகளின் ஐபேனும் (அங்குள்ள அவள் கணக்கு எண்) அதே இரண்டில் தொடங்கி மொத்தம் 22 இருக்க வேண்டும். ஐபேனில் சரிபார்ப்பு எண் இருக்கிறது, ஓர் இலக்கம் மாறினாலும் கம்ப்யூட்டர் பிடித்துவிடும். ஸ்விஃப்ட் கோடுக்கு அந்தக் காவல் கிடையாது. இல்லாத கோடாக இருந்தால் கவுண்டரிலேயே நின்றிருக்கும். போய்த் திரும்பியது என்றால், தப்பாக எழுதியது வேறொரு வங்கியின் நிஜக் கோடாக அமைந்திருக்கலாம். பழைய சீட்டு இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் வங்கி வேலையில் இருந்தபோது ஒருவர் தன் ஐஎஃப்எஸ்சியையே அந்தக் கட்டத்தில் எழுதி வந்தார். அதுவும் 11 அல்லவா, கச்சிதமாகப் பொருந்திவிட்டது! ஐந்தாவதாக சைபர் இருந்ததால் கண்ணில் பட்டது.

கோத்தகிரிக்காரன்:
சீட்டு கிடைத்தது. மூன்றாவது எழுத்து. நான் எழுதிய யூ, பார்க்க வி மாதிரியே இருக்கிறது. மகளுக்கு போன் போட்டு ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். ஐபேனை எண்ணினால் 21 வந்தது, கண்ணாடி போட்டு எண்ணினேன், 22. படிவத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் நிரப்பித் தருகிறான்.