புதுப்பிப்பு: நாஸ் எர்ரர், கோளாறு டிஸ்க்கில் இல்லை

தர்மபுரியில் எங்கள் ஸ்டுடியோவுக்காக பழைய கம்ப்யூட்டரில் கட்டிய நாஸில் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி), கல்யாண வீடியோக்களை ஏற்றும்போது ஒரு டிஸ்க் எர்ரர் காட்டுகிறது என்று எழுதியிருந்தேன். டிஸ்க்கை மாற்றச் சொன்னவர்களே அதிகம். கடைக்காரரும் அதிலேயே குறியாக இருந்தார்!

டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், 5, 197 என்ற எண்ணுள்ள வரிகள் இரண்டும் பூஜ்யம். அதாவது, பழுதான செக்டர் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதி) எதுவும் பதிவாகவில்லை. 199-ஆம் வரி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அது சிஆர்சி பிழைக் கணக்கு. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போகும் தரவு சிதைந்தால் கூடும். பெட்டியைத் திறந்தால், இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் முனையின் கிளிப் உடைந்து, விரல் பட்டாலே ஆடுகிறது.

சரி, புதுக் கேபிள் போட்டாயிற்று. 199-இன் பழைய எண்ணிக்கை குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும். இப்போது ஏறவில்லை. அப்புறம் ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் சோதனை) ஓட்டினேன், ஃபைல்கள் பத்திரம்.

யுபிஎஸ்ஸைச் சந்தேகப்பட்ட அண்ணனுக்கு: அதில் குறை ஒன்றும் இல்லை.