முகூர்த்தத் தேதியும் ராணுவ விமானமும்: காலி இருக்கையில் பறந்தவர்களின் அனுபவங்கள்

கரோலினா தங்கை

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார், நாங்கள் வட கரோலினாவில் குடியிருக்கிறோம். ஆவணியில் என் தங்கைக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். மூன்று வயதுப் பையனோடு மூன்று பேர் போக வேண்டும். டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இவருடைய நண்பர் ஒருவர், ராணுவ விமானத்தில் காலி இருக்கை இருந்தால் ஜெர்மனி வரை காசில்லாமல் போகலாம், அங்கிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். யாராவது அப்படிப் போயிருக்கிறீர்களா? நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

மாவ்னி அண்ணன்

தங்கச்சி, உண்மைதான். நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு முறை போக முடியாமல் திரும்பியும் வந்திருக்கிறேன்.

நான் மாவ்னி திட்டத்தில், அதாவது ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட திட்டத்தில், சேர்ந்தவன். 2009இல் அதற்கு ஆள் எடுக்கத் தொடங்கியபோது ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்தத் தமிழால்தான் எனக்குச் சீருடையும் குடியுரிமையும் கிடைத்தன. முதல் லீவில் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும், கையில் பெரிய காசு இல்லை. அப்போது ஒரு சார்ஜென்ட் சொல்லித்தான் 'ஸ்பேஸ் ஏ' (காலி இருக்கைப் பயணம்) என்ற பெயரையே கேள்விப்பட்டேன்.

முறை இதுதான். விமானம் ராணுவ வேலைக்காகப் போகிறது. சரக்கும், வேலை நிமித்தமாகப் போகிறவர்களும் ஏறிய பிறகு இருக்கை மிஞ்சினால் நமக்குத் தருவார்கள். மிஞ்சுவதை ஆறு வகையாகப் பிரித்து, வகை வாரியாகக் கூப்பிடுவார்கள். வீட்டில் சாவு, ஆபத்தான நோய் என்று அவசர விடுப்பில் போகிறவர்கள் முதல் வகை. சாதாரண லீவில் போகும் பணியாளரும் கூடப் போகும் குடும்பமும் மூன்றாம் வகை, நீங்கள் வருவது இதில்தான். ஓய்வு பெற்றவர்கள் ஆறாவது.

ஒரே வகைக்குள் யார் முதலில் பெயர் பதிந்தாரோ அவருக்கே முதல் இடம். அதனால் பதிவு செய்த நேரம் ரொம்ப முக்கியம். ஆனால் பணியில் இருப்பவர் லீவு தொடங்கிய பிறகுதான் பதியலாம். நான் லீவு தொடங்கும் நாளன்று நள்ளிரவு 12 மணி அடித்ததும் பதிந்துவிடுவேன். நன்றாகத் தூங்கி எழுந்து காலை எட்டு மணிக்குப் பதிந்தவர் எனக்குப் பின்னால்தான் நிற்பார். பதிவு 60 நாள் அல்லது லீவு முடியும் வரை, எது முதலோ அதுவரை செல்லும். ஒரே ஊரை மட்டும் எழுதாமல், வாய்ப்புள்ள நாடுகளையெல்லாம் எழுதுங்கள். ஜெர்மனிக்கு இடமில்லாமல் ஸ்பெயினுக்கு இடம் இருக்கும். ஸ்பெயினுக்குப் போய்விட்டால் பாதிக் கடல் தாண்டியாயிற்று.

அப்புறம் ரோல் கால், அதாவது விமானத்துக்குப் பெயர் கூப்பிடும் நேரம். அந்த நேரத்துக்கு முன்பே கவுண்டரில் போய் 'வந்துவிட்டேன்' என்று பதிய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் எத்தனை நாள் முன்பு பதிந்திருந்தாலும் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். ரோல் காலில் குடும்பம் முழுவதும் பையோடு நிற்க வேண்டும். என் கண் முன்னால் ஒருவர் பெயர் வந்தது. அவர் மனைவி குழந்தையோடு ஹோட்டலில் இருந்தார். 'பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள்' என்று கெஞ்சினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று பேருக்கு இரண்டு இடம்தான் இருக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வரிசையில் உங்கள் இடம் போகாது, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கலாம். இது தெரியாமல் பதறிப்போய்க் குடும்பத்தைப் பிரித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

என் முதல் பயணம் டெலாவேர் மாநிலத்தின் டோவர் தளத்திலிருந்து ஜெர்மனியில் இருக்கும் ராம்ஸ்டைன் தளத்துக்கு, சி-5 என்ற பெரிய சரக்கு விமானத்தில். கீழே வயிறு முழுக்கச் சரக்கு. செங்குத்தான ஏணி ஏறி மேலே போனால் 73 இருக்கைகள், எல்லாம் வாலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஜன்னல் இல்லை. விமானம் எழும்பும்போது முன்னால் சரிவது போல இருந்தது. ராம்ஸ்டைனில் இறங்கியபோது விடியற்காலை. அங்கிருந்து பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம். மறுநாள் இரவு சென்னையில் அம்மா கையால் ரசம் சாதம் சாப்பிட்டேன். அந்த லீவை என்னால் மறக்க முடியாது.

ஆனாலும் கல்யாணத்துக்குப் போக இதை நம்பாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ராணுவக் குடும்பங்கள் வீடு மாற்றும் காலம், கூட்டம் அலைமோதும். ஆவணிக் கல்யாணம் என்றால் நீங்கள் கிளம்புவது சரியாக அந்தக் கூட்டத்தில். நான் திரும்பி வந்த அந்த ஒரு முறை ஜூலை மாதம். டெர்மினல் நாற்காலியில் மூன்று இரவு படுத்தேன். பலகையில் '20டி' என்று போட்டிருந்தார்கள். டி என்றால் உத்தேசம், எஃப் என்றால் உறுதி. அந்த இருபது இருக்கை கடைசியில் பூஜ்ஜியம் ஆனது. லீவில் ஐந்து நாள் அப்படியே போனது. என் அக்கா மகள் பூப்புனித நீராட்டுக்குப் போக வேண்டியவன், தாய்மாமன் சீரை ஆன்லைனில் அனுப்பிவிட்டு பேரக்ஸில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஒகினாவா அக்கா

தம்பி சொன்னதில் எல்லாம் சரி. குழந்தையோடு போவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

நாங்கள் ஜப்பானில் இருந்தபோது கணவர் கப்பலில் இருந்தார். இரண்டு பிள்ளைகளோடு நான் மட்டும் அமெரிக்கா வர வேண்டியிருந்தது. வெளிநாட்டுத் தளத்தில் முறைப்படி குடியமர்த்தப்பட்ட குடும்பம் என்றால் பணியாளர் கூட வராமலும் போகலாம். ஆனால் அவருடைய பிரிவிலிருந்து கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் கவுண்டரில் ஒன்றும் நடக்காது. நான் நான்கு நகல் எடுத்து நான்கு பையில் வைத்திருந்தேன். தங்கை, உள்நாட்டில் இருக்கும் நீ உன் கணவர் இல்லாமல் தனியாகப் போக முடியாது, அவர் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டிருந்தால் தவிர. அவர் லீவு ரத்தானால் உன் பயணமும் ரத்து. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்.

விமானம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. வாடகைக்கு எடுத்த பயணிகள் விமானம் ஒன்று ஓடும், பேட்ரியட் எக்ஸ்பிரஸ் என்பார்கள். அதில் சாதாரண இருக்கை, சாப்பாடு எல்லாம் உண்டு. கொஞ்சம் வரி மட்டும் கட்ட வேண்டும். பிள்ளைகளோடு போனால் இதைத்தான் தேட வேண்டும். கிழக்குக் கரையில் பால்டிமோர் விமான நிலையத்திலிருந்து ராம்ஸ்டைனுக்கு இது உண்டு.

எங்களுக்கு ஒரு முறை கிடைத்தது கேசி-135, மற்ற விமானங்களுக்கு வானத்தில் எரிபொருள் ஊற்றுகிற விமானம். பக்கச் சுவரை ஒட்டித் துணி இருக்கை. தரை ஐஸ் மாதிரி, தலைக்கு மேலே அனல். பிள்ளைகளுக்குக் காலில் இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ், மேலே மெல்லிய சட்டை. சத்தம் காதைப் பிளக்கும். பெரியவர்களுக்கு நுரைப் பஞ்சு தருவார்கள், சின்னப் பிள்ளையின் காதில் அது நிற்காது. தலையில் மாட்டும் காது மூடியை வீட்டிலேயே மாட்டிப் பழக்கிவிடு. என் சின்னவள் முதல் ஒரு மணி நேரம் அழுதாள். பிறகு உயரத்துக்குப் போனதும் விமானக் குழுவினர் தரையில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்லீப்பிங் பேக்கை விரித்து மூவரும் படுத்தோம். அந்தத் தூக்கம் மாதிரி நான் எந்த விமானத்திலும் தூங்கியதில்லை.

சாப்பாட்டுப் பொட்டலம் காசுக்குக் கிடைக்கும், நம் பிள்ளைகள் தொட மாட்டார்கள். மிளகாய்ப் பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லி ஒரு நாள் தாங்கும். நான் அதை நம்பித்தான் போவேன்.

அப்புறம் சாமான். ஆளுக்கு இரண்டு பை, ஒவ்வொன்றும் 70 பவுண்டு என்று கணக்கு. ஆனால் சிறிய விமானம் வந்தால் 30 பவுண்டுதான். கல்யாண வீடு என்று சாக்லேட்டும் பாத்திரமும் அடைத்துக்கொண்டு போனால் அந்த விமானத்தை விட்டுவிட வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு சின்னப் பை, அவ்வளவே.

பழைய கப்பல்காரன்

நான் கடற்படையில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆறாவது வகை, வரிசையின் கடைசி. ஆனாலும் நானும் மனைவியும் இதில்தான் ஊர் சுற்றுகிறோம். எங்களுக்கு இருக்கும் ஒரே வசதி, லீவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐம்பது நாள் முன்பே பதிந்துவிடலாம். டெர்மினலுக்குப் போய் நிற்கும்போது எங்கள் வகையில் நாங்கள்தான் முன்னால் இருப்போம்.

கலிபோர்னியாவின் டிராவிஸ் தளத்திலிருந்து ஹவாய்க்கு நான்கு முறை போயிருக்கிறோம், எல்லாம் ஜனவரி பாதிக்கு மேல், பிப்ரவரியில். பள்ளிகள் நடக்கும் காலம், கூட்டம் இருக்காது. ஒரு முறை சி-17 சரக்கு விமானத்தில் பக்கவாட்டு இருக்கைகளில் நாங்கள் ஒன்பது பேர்தான். நடுவில் ஒரு ஹெலிகாப்டர், இறக்கையை மடித்துக் கட்டி வைத்திருந்தார்கள். ஐந்து மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே போனோம். திரும்பும்போது ஒரு தளத்தில் விமானம் பழுதாகி நான்கு நாள் இருந்தோம். நான்கு நாள் அறை வாடகை, சாப்பாடு எல்லாம் நம் கையிலிருந்துதான்.

அதனால் என் யோசனை ஒன்றுதான் அம்மா. திரும்பி வர முழு டிக்கெட்டுக்கான பணம் கார்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் வாசற்படி தாண்டாதீர்கள். இன்னொன்று, காரை ஒரு தளத்தில் விட்டுப் போவீர்கள், திரும்பும் விமானம் வேறு தளத்தில் இறக்கும். டோவரில் கார், பால்டிமோரில் நீங்கள் என்றால் அந்த வாடகைக் காருக்கும் சேர்த்துப் பணம் வையுங்கள்.

இதைப் படிக்கும் யாராவது நூறு சதவீத ஊனச் சான்று பெற்ற முன்னாள் வீரராக இருந்தால், 2018இல் வந்த சட்டத்துக்குப் பிறகு உங்களுக்கும் உரிமை உண்டு. உள்நாட்டிலும், அலாஸ்கா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற இடங்களுக்கும் போகலாம். நிறைய பேருக்கு இது தெரியவில்லை, தயவுசெய்து சொல்லுங்கள்.

வெலிங்டன்காரர்

நான் அமெரிக்காவில் இல்லை. மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். மகன் இந்தப் பக்கத்தை அனுப்பிப் படிக்கச் சொன்னான். படித்ததும் லே ஞாபகம் வந்துவிட்டது.

1994 பிப்ரவரி. சோஜிலா கணவாய் பனியில் மூடிக் கிடந்தது, லடாக்கிலிருந்து கீழே வர வான் வழி மட்டும்தான். விமானப்படையின் கூரியர் விமானம் சண்டிகரிலிருந்து சாமான் கொண்டு வரும், திரும்பும்போது லீவு ஆட்களை ஏற்றிப் போகும். எங்களுக்கும் இதே கதைதான், சாமானுக்கு வந்த விமானத்தில் மிச்சம் இருக்கிற இடம் நமக்கு. டிரான்சிட் கேம்பில் முந்தின நாள் மாலை பெயர் வாசிப்பார்கள். பெயர் வந்துவிட்டது என்று சந்தோஷப்படவும் முடியாது. லே கிட்டத்தட்ட 10,700 அடி உயரம். மதியம் காற்று எழும்பிவிடும் என்பதால் காலையில் மட்டும்தான் விமானம் இறங்கும். மேகம் இறங்கி நின்றால் வந்த விமானம் தலைக்கு மேல் சத்தம் கேட்க வந்து, இறங்காமல் அப்படியே திரும்பிப் போகும். அந்தச் சத்தம் தேய்வதைக் கேட்டுக்கொண்டு பனியில் நிற்பது கொடுமை.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். ஆறு நாள் காத்து, ஏழாவது நாள் பட்டியலில் என் பெயர் வந்தது. அன்று இரவு பக்கத்துப் பட்டாலியன் பையன் ஒருவன் வந்தான், தகப்பனார் இறந்துவிட்டதாகத் தந்தி. கொள்ளி போட வேண்டிய ஒரே மகன். என் இடத்தை அவனுக்குக் கொடுக்கச் சொல்லி நானே போய்ச் சொன்னேன். மறுநாள் ஏஎன்-32 என்ற அந்தக் கூரியர் விமானம் அவனை ஏற்றிக்கொண்டு போனது. அதற்கப்புறம் மூன்று நாள் வானம் திறக்கவில்லை. நான் சண்டிகர் வந்து, டெல்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து ஊர் சேர்ந்தபோது மகளின் காதில் குத்திய புண் ஆறியிருந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. மாவ்னி தம்பி, உங்கள் முதல் வகையைப் படித்தபோது அந்தப் பையன் முகம்தான் தெரிந்தது.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய ஏஎன்-32, 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனது. அதுவும் இப்படி வாரா வாரம் ஆட்களையும் சாமானையும் கொண்டு போகிற கூரியர்தான். அதே துணி இருக்கையில் முழங்கால் முட்ட உட்கார்ந்து வந்தவன் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு வருடத்துக்கு மேல் கழித்து, 2024 ஜனவரியில்தான் சென்னையிலிருந்து 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் உடைந்த பாகங்களைக் கண்டார்கள். அத்தனை வருடம் அந்தக் குடும்பங்கள் எப்படி இருந்திருப்பார்கள்.

மகளே, தங்கச்சி கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்தே போ.

கரோலினா தங்கை

எல்லோருக்கும் நன்றி. வெலிங்டன் ஐயா எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

போவதற்கு டிக்கெட் போட்டுவிட்டோம், முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் இருப்போம். திரும்பும்போது மட்டும் சென்னையிலிருந்து பிராங்க்பர்ட், அங்கிருந்து ராம்ஸ்டைன் போய் முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம். செப்டம்பர் கடைசி என்பதால் கூட்டம் குறைந்திருக்கும் அல்லவா? இவருக்கு லீவு பத்து நாள் மிச்சம் இருக்கும். எனக்கு இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான், கிரீன் கார்டு இருக்கிறது. அதில் ஏதாவது சிக்கல் வருமா?

மாவ்னி அண்ணன்

வரும், தங்கச்சி. நல்ல வேளை கேட்டாய். இந்திய பாஸ்போர்ட்டில் ஜெர்மனிக்குள் போய் ராம்ஸ்டைன் வரை வர ஷெங்கன் விசா வேண்டும். ராணுவக் குடும்பம் என்று சொன்னால் விட மாட்டார்கள். இப்போதே விண்ணப்பம் போடு. உன் ராணுவக் குடும்ப அடையாள அட்டையின் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள். பிராங்க்பர்ட்டில் உள்ளே வரும்போது உங்கள் வருகைப் பதிவு சரியாக ஆகிறதா என்று நின்று பாருங்கள், ராம்ஸ்டைனில் வெளியேறும்போது கேட்பார்கள்.

செப்டம்பர் கடைசி நல்ல நேரம். ராம்ஸ்டைனில் ரோல் கால் நேரங்களை 72 மணி நேரம் முன்பே போடுவார்கள். பால்டிமோர், டோவர் இரண்டையும் பார். ஐந்து நாளுக்குள் கிடைக்கவில்லை என்றால் பிராங்க்பர்ட் திரும்பி டிக்கெட் எடுத்துவிடுங்கள். லீவின் கடைசி நாள் வரை காத்திருந்து அவர் பணிக்குத் தாமதமாகப் போகக் கூடாது. போய் வந்து எழுது. பையனுக்குக் காது மூடி வாங்க மறக்காதே.