லோர்காவின் நாடகத்தில் நிலா ஆணா, அதுவா? யோசனை தேவை

நண்பர்களே, ஸ்பானியக் கவிஞரும் நாடகாசிரியருமான லோர்காவின், 1933இல் மாட்ரிடில் அரங்கேறிய 'போதாஸ் தே சாங்க்ரே' (இரத்தத் திருமணம்) நாடகத்தை ஸ்பானியத்திலிருந்து மேடைத் தமிழுக்கு மாற்றும் வேலை நடக்கிறது. பிரிட்டிஷ் கவிஞர் டெட் ஹியூஸின் 1996 ஆங்கில வடிவத்தைத் துணைக்குக்கூட வைக்கவில்லை. அதன் ஓசை ஒட்டிக்கொண்டால் உதறுவது கடினம். உரிமைச் சிக்கலும் உண்டு.

மூன்றாம் அங்கத்தில்தான் முட்டுகிறது. அங்கே நிலாவே ஒரு பாத்திரமாக மேடைக்கு வந்து பேசுகிறது. ஸ்பானியத்தில் 'லூனா' (நிலா) பெண்பால் சொல். மேடைக்குறிப்போ வெளுத்த முகமுள்ள இளம் விறகுவெட்டி என்கிறது. அந்த முரணே காட்சியின் குளிர். 'சந்திரன்' என்றால் முரண் போய்விடுகிறது, புராண வாடையும் வருகிறது. 'நிலா' என்றால் அவன் பேசும்போது சிக்கலில்லை, 'வருகிறேன்' என்பதற்குப் பால் கிடையாது. ஆனால் பிச்சைக்காரி அவனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'நிலா போகிறது' என்பதா, 'போகிறான்' என்பதா? 'போகிறாள்' என்று துணியலாமா?

இன்னொன்று, முதல் அங்கத்துத் தாலாட்டு. தொடக்க வரிகள் ஆறு அசை. குதிரை தண்ணீர் குடிக்க மறுக்கும் கதை அது. 'ஆராரோ' சேர்த்தால் அச்சம் கரைந்து கொஞ்சலாகிவிடுகிறது. ஆராரோ இல்லாமல் தாலாட்டு என்று காதுக்குப் புரியவைக்கும் மெட்டோ சந்தமோ தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமியாரும் மருமகளும் மாறி மாறிப் பாடுவதால் மூச்சு எடுக்க இடமும் வேண்டும்.

கடைசியாக, இறுதிப் புலம்பலில் வரும் 'குச்சியீத்தோ', கத்தி என்பதன் சிறுமை வடிவம். 'குட்டிக் கத்தி' விளையாட்டுச் சாமான் போல ஒலிக்கிறது, 'சிறு கத்தி' ஏட்டுத் தமிழ். தாய் வாயில் நிற்கும் சொல் வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.